துருவ நட்சத்திரம் தெரியாத இடத்தில் ட்ராக்கரை எப்படி நேராக்குவது?

எல்லாருக்கும் வணக்கம். வாலிநோக்கம் பக்கம் கடற்கரையில் வைத்துப் படம் எடுக்கிறேன். பழைய டிஎஸ்எல்ஆர், 135 மிமீ லென்ஸ், செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஸ்டார் ட்ராக்கர் (வானம் சுழலும் வேகத்துக்கு ஏற்ப கேமராவைத் திருப்பும் கருவி).

தெற்கே முழுக்கக் கடல், நல்ல இருட்டு. ஒமேகா சென்டாரி நட்சத்திரக் கொத்து உச்சிக்கு வரும்போது அடிவானத்திலிருந்து 33 டிகிரி உயரத்தில் நிற்கும். வடநாட்டுக்காரர்களுக்குக் கிடைக்காத வரம்! வெறும் கண்ணுக்கே பஞ்சுத் துணுக்கு மாதிரி தெரிகிறது.

சிக்கல் வடக்கில்தான். ட்ராக்கரின் சுழல் அச்சைத் துருவ நட்சத்திரத்தை நோக்கி வைக்க வேண்டும். நம்ம ஊர் அட்சரேகை 9 டிகிரி சொச்சம், அதனால் துருவ நட்சத்திரமும் அவ்வளவு உயரத்தில்தான் இருக்கும். அந்தப் பக்கம் பனங்காடு, ஊர் வெளிச்சம், புழுதி மூட்டம். இதுவரை ஒருநாள்கூடக் கண்ணில் படவில்லை. போன் காம்பஸை நம்பித் திருப்பி வைக்கிறேன். 20 விநாடி எக்ஸ்போஷர் என்றால் நட்சத்திரங்கள் புள்ளியாக விழுகின்றன. 60 வைத்தால் ஒவ்வொன்றும் அரிசி மாதிரி நீண்டுவிடுகிறது. கொத்துக்கு 20 போதும், ஆனால் அதற்கு நாலரை டிகிரி வடக்கே இருக்கும் சென்டாரஸ் ஏ கேலக்ஸி அதில் வெறும் கறையாகத்தான் வருகிறது.

லேப்டாப் இல்லாமல், கேமரா திரையை மட்டும் பார்த்து ட்ரிஃப்ட் முறையில் (நட்சத்திரம் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்து அச்சைத் திருத்துவது) சரிசெய்தவர்கள் இருக்கிறீர்களா? எந்தத் திசை நட்சத்திரத்தை முதலில் பார்க்க வேண்டும், எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும்?

இன்னொன்று, உப்புக்காற்று. ஒரு மணி நேரத்தில் லென்ஸில் பிசுபிசுவென்று படிகிறது. வேட்டி முனையால் துடைத்துக் கீறல் வாங்கியாச்சு, அந்த யோசனை மட்டும் வேண்டாம். வருகிற அமாவாசைக்குள் யாராவது வழி சொன்னால் புண்ணியமாகப் போகும்.