புதுப்பிப்பு: தாலியை எடுத்துக் கொடுக்கப்போவது அம்மாதான்

அப்பா இல்லாத வீட்டில் என்னைத் தாரை வார்ப்பது யார், அம்மா மேடையேறக் கூடாது என்கிற சொந்தக்காரர்களை எப்படிச் சமாளிப்பது என்று போன மாதம் கேட்டிருந்தேன். முடிவாகிவிட்டது: சுயமரியாதைத் திருமணம்.

துணி தைத்தே என்னைப் படிக்க வைத்தவர் அம்மா. என் மஞ்சள் நீராட்டன்று அவர் அடுப்படியை விட்டு வரவே இல்லை. ஆரத்தி எடுத்தது அத்தை. அன்றைக்கு அது தப்பாகத் தோன்றவில்லை. கல்யாணப் பத்திரிகையில் பெயர் எழுதும்போதுதான் கோபம் வந்தது. தாலியை எடுத்துக் கொடுக்கச் சொன்னதும் முதலில் மறுத்தார், அப்புறம் எந்த நிறப் பட்டு கட்டுவது என்று கேட்டார்.

1967இல் அண்ணா ஆட்சியில் இந்துத் திருமணச் சட்டத்தில் சேர்த்த 7ஏ பிரிவுப்படி புரோகிதர் தேவையில்லை. உற்றார் முன்னால் புரிகிற மொழியில் துணையாக ஏற்பதாகச் சொல்லலாம், மாலையோ மோதிரமோ அணிவிக்கலாம், தாலி கட்டலாம். ஏதாவது ஒன்று போதும்.

மாமா ஒருவர் இன்னும் முறைப்பாக இருக்கிறார். சரி, பந்தியில் பார்த்துக்கொள்ளலாம்.

பதிவு பற்றிக் கேட்டவர்களுக்கு: 2009 சட்டப்படி தமிழ்நாட்டில் எந்த முறைத் திருமணமானாலும் 90 நாளுக்குள் பதிய வேண்டும்.