புதுச்சேரி கஃபேயில் அம்மாவுக்கு எந்தக் காபி சொல்வது?

வர்ற ஞாயிற்றுக்கிழமை திருப்பாதிரிப்புலியூரிலிருந்து அம்மாவைப் புதுச்சேரிக்கு அழைத்துப் போகிறேன், கடற்கரைச் சாலைப் பக்கம் ஒரு கஃபேயில் நிதானமாக உட்கார்ந்து காபி குடிக்க வேண்டும் என்பது அவருக்கு ரொம்ப நாள் ஆசை. போன முறை ஒரு கடையில் மக்கியாட்டோ என்று சொன்னேன். கட்டைவிரல் உயரக் கோப்பையில் கறுப்பாக எஸ்பிரெசோ என்கிற கெட்டிக் காபி, மேலே ஒரு பொட்டு நுரை, அவ்வளவுதான். அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு கோப்பையை என் பக்கம் நகர்த்திவிட்டார். நான் நினைத்தது உயரமான கண்ணாடி டம்ளரில் பாலோடு வருவதை. அது லாட்டே மக்கியாட்டோவாம். மக்கியாட்டோ என்றால் இத்தாலியனில் கறை பட்டது என்று பொருள், ஒன்றில் காபியில் பால் கறை, மற்றதில் பாலில் காபி கறை. சரி, இது புரிந்துவிட்டது.

ஆனால் கப்புசினோ, லாட்டே, ஃபிளாட் ஒயிட் மூன்றுமே எஸ்பிரெசோவும் சூடான பாலும்தானே, மெனுவில் ஒரு வரி விளக்கம்கூட இல்லை. அம்மாவுக்கு வேண்டியது டிகிரி காபி மாதிரி, டிகாக்‌ஷன் தூக்கலாக, ஆவி பறக்க. எதைச் சொன்னால் கிட்டே வரும்? ஃபிளாட் ஒயிட்டில் பெரும்பாலும் இரண்டு ஷாட், அதாவது இரண்டு அளவு எஸ்பிரெசோ, பாலும் லாட்டேயைவிடக் குறைவு, அதனால் அதையே சொல்லலாம் என்று நினைக்கிறேன், சரியா? அப்புறம் பாலை 60, 65 டிகிரிக்குத்தான் சூடாக்குகிறார்கள், நம் வீட்டுக் காபிச் சூடு வராது. இன்னும் சூடாக வேண்டும் என்று கேட்டால் செய்து தருவார்களா? கஃபேயில் வேலை பார்க்கிறவர்கள் யாராவது இருந்தால் சனிக்கிழமைக்குள் சொல்லுங்கள்.