மாறுகிற வட்டுப்பெயருக்கு என்ன சொல்?

சுங்கை சிப்புட், கணினி வகுப்பு நடத்துபவர்:

அன்பர்களுக்கு வணக்கம். வருகிற சனிக்கிழமை எங்கள் பட்டணத்தில் லினக்ஸ் இயங்குதள வகுப்பு தொடங்குகிறது. சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து படிவம் 5 முடித்த பிள்ளைகள் வருகிறார்கள். பாடக்குறிப்பு வெள்ளிக்குள் அச்சுக்குப் போக வேண்டும். ஓர் இடத்தில் சொல் கிடைக்காமல் நிற்கிறேன்.

எங்கள் சர்வரில் வட்டுகளை (டிஸ்க்) கணினியோடு இணைக்கும் கட்டுப்படுத்திகள் இரண்டு. தாய்ப்பலகையிலேயே உள்ள சாட்டா வகை ஒன்று, தனியாகச் செருகிய சாஸ் வகை அட்டை ஒன்று. போன வாரம் இடி மழையில் மின்சாரம் போய்த் திரும்பியதும், லினக்ஸ் எஸ்டிபி (sdb) என்று பெயரிட்டிருந்த தரவு வட்டு எஸ்டிசி (sdc) ஆகிவிட்டது. சர்வரை அமைத்துக் கொடுத்தவர் தொடங்கும்போது எந்த வட்டை ஏற்றுவது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் எஸ்டிபி1 (எஸ்டிபியின் முதல் பகுதி) என்றே எழுதியிருந்தார். அதைத் தேடிக் காணாமல் கணினி அவசரநிலைத் திரையில் நின்றது. வட்டில் பழுது ஒன்றும் இல்லை. இரண்டு கட்டுப்படுத்திகளின் இயக்கிகளும் (டிரைவர்) ஒரே சமயத்தில் வேலையைத் தொடங்குகின்றன. முதலில் தென்படும் வட்டுக்கு எஸ்டிஏ, அடுத்ததற்கு எஸ்டிபி. அந்த வரிசை அடுத்த முறையும் அப்படியே இருக்கும் என்று லினக்ஸின் மையமான கெர்னல் உறுதி சொல்வதில்லை.

வேண்டியவை இரண்டு சொற்கள்: இப்படி மாறக்கூடிய பெயருக்கு ஒன்று, யூயூஐடி என்ற அடையாள எண் போன்ற மாறாத பெயருக்கு ஒன்று.

ஈப்போ, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

தம்பி, நல்ல காரியம். நிரல் என்றாலே ஒழுங்குதான். நிரனிறைப் பொருள்கோள் பள்ளியில் படித்திருப்பீர்கள். நடந்ததற்கு 'வட்டு நிரல் பிறழ்வு', மாறும் பெயருக்கு 'நிரற்பெயர்' என்று வையுங்கள். சுருக்கமாக இருக்கும்.

பினாங்கு, மென்பொருள் பொறியாளர்:

ஐயா, மன்னிக்கவும். கணினித் துறையில் நிரல் என்பது இன்று புரோகிராம். 'நிரல் பிறழ்வு' என்று படிக்கிற பிள்ளை மென்பொருளில் பிழை என்றுதான் எடுத்துக்கொள்ளும். தமிழ்நாட்டுக் கணக்குப் பாடநூலிலோ அணியின் (மேட்ரிக்ஸ்) கிடைவரிசை நிரை, நெடுவரிசை நிரல். ஏற்கெனவே இரண்டு வேலை பார்க்கிற சொல்லுக்கு மூன்றாவது வேண்டாமே.

இன்னொன்று, எஸ்எஸ்டி என்கிற சிப் சேமிப்பகத்துக்குள் வட்டமாக எதுவும் இல்லை. அதையும் வட்டு என்றே எழுதப் போகிறோமா?

கெடா, செம்பனை ஆலைக் கணினிப் பிரிவு:

இடைநிலைப் பள்ளியில் பிள்ளைகள் மலாயில் 'சக்கெரா கெராஸ்' என்று படித்தவர்கள். அது நம்ம சக்கரம்தான். அதையே வைத்தால் என்ன?

ஈப்போ, தமிழாசிரியர்:

சக்கரம் வடசொல். தமிழில் ஆழி உண்டு, ஆனால் அதைக் கேட்டால் கடலும் மோதிரமும் சேர்ந்து வரும். வட்டே இருக்கட்டும். 'அரங்கின்றி வட்டாடி யற்றே' என்கிறது 401ஆம் குறள். அரங்கு என்பது கட்டம், வட்டு அதில் ஆடும் காய். கட்டம் இடம் மாறாது, காய் மாறும். தம்பியின் சர்வரிலும் செருகுமிடம் அரங்கு, அதில் செருகுவது வட்டு. அது வட்டமா சதுரமா என்பது பெயருக்குப் பொருட்டே இல்லை.

நிரற்பெயரைக் கைவிடுகிறேன். பதிலுக்கு ஒன்று கேட்கிறேன். பெயர்ச்சொல் ஆறு வகை: பொருள், இடம், காலம், சினை, குணம், தொழில். எஸ்டிஏ எதனால் அமைந்தது? முந்தி வந்ததால், அதாவது காலத்தால். அது காலப்பெயர். இந்தப் பாகுபாடு ஆரம்பப் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும்.

பினாங்கு, பொறியாளர்:

ஐயா, இது எதிர்பாராத உதவி. நம் தம்பி கேட்ட 'மாறாத பெயர்' உண்மையில் ஒன்றில்லை. வட்டு முதலிய சாதனங்களுக்குப் பெயர் வைக்கும் லினக்ஸ் மென்பொருளான யூடெவ் தருகிற பெயர்கள் வெவ்வேறு பொருளில் ஒட்டுகின்றன. பை-பாத் என்பது எந்த அட்டை, எந்தத் துளை என்பதைப் பொறுத்தது. கேபிளை மாற்றிச் செருகினால் பெயரும் மாறும். பை-ஐடி வட்டின் தொடர் எண்ணை வைத்து வருவது, வட்டோடு கூடவே போகும். யூயூஐடி 128 பிட் எண், அது வட்டில் கோப்புகளை ஒழுங்குபடுத்தும் கோப்பு முறைமைக்கு உரியது. வட்டை மறுபடி ஃபார்மட் செய்தால் புது எண் வரும். டிடி கட்டளையால் வட்டை அப்படியே நகல் எடுத்தால் இரண்டு வட்டுக்கு ஒரே எண், அப்புறம் கணினி எதை ஏற்றும் என்று சொல்ல முடியாது. 'நிலைப்பெயர்' என்று மட்டும் எழுதிவிட்டால் இந்த ஆபத்து மறைந்துவிடும். பை-பாத்துக்கு இடப்பெயர், பை-ஐடிக்குப் பொருட்பெயர் என்பது மிகச் சரி.

ஆனால் 'காலப்பெயர்' வேண்டாம். பிள்ளைக்குச் சித்திரையும் திங்கட்கிழமையும்தான் நினைவுக்கு வரும்.

கோலகங்சார், வகுப்பில் உதவுபவர்:

எங்கள் அம்மா பால்மரம் வெட்டியவர். விடியற்காலைப் பெரட்டில், அதாவது வேலைக்கு முன் ஆள் கணக்கெடுக்கும் அணிவகுப்பில், இரண்டு லோரியில் ஆள் வந்து இறங்கினால், முந்தி வந்த லோரி ஆள் முன்னால் நிற்பார், நாளைக்கு வேறு ஒருவர் நிற்பார். பிள்ளைகளின் பாட்டிமார் எல்லாருக்கும் தெரிந்த சொல் அது. 'பெரட்டுப் பெயர்' என்று வைப்போம். விளக்கமே தேவைப்படாது.

ஈப்போ, தமிழாசிரியர்:

அம்மா, பெரட்டு ஆங்கில 'பரேட்' திரிந்தது. கலைச்சொல்லாக அச்சில் ஏறக் கூடாது.

கெடா, ஆலை:

ஐயா, பிற நிலத்துச் சொல்லான திசைச்சொல்லைத் தொல்காப்பியரே ஏற்றுக்கொண்டாரே?

ஈப்போ, தமிழாசிரியர்:

அவர் ஏற்றது செந்தமிழ் சேர்ந்த பன்னிரு நிலத்துச் சொல்லை. தமிழ் வழங்காத நிலங்களையும் சேர்த்தவர் நன்னூலார். இரண்டையும் குழப்பக் கூடாது.

கோலகங்சார்:

அப்படியானால் நன்னூலாரோடு நிற்கிறேன், ஐயா. நூறு வருடத்துக்கும் மேலாகத் தோட்டத்தில் புழங்கிய சொல்லைத் தமிழ் இல்லை என்றால், அதைப் பேசியவர்களை என்னவென்று சொல்வது?

சுங்கை சிப்புட், வகுப்பு நடத்துபவர்:

அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன். மாறுவதற்கு, வந்த வரிசையில் அமைவதால், 'வரவுப்பெயர்', மற்றவற்றுக்குப் பொதுவாக 'நிலைப்பெயர்', அதன்கீழ் இடப்பெயர், பொருட்பெயர். யூயூஐடியை யூயூஐடி என்றே விட்டு, நகல் எச்சரிக்கையைக் கட்டம் கட்டிப் போட்டிருக்கிறேன். வட்டு வட்டாகவே இருக்கிறது. எல்லாருக்கும் நன்றி.

ஈப்போ, தமிழாசிரியர்:

வரவு என்றால் கணக்குப் புத்தகத்தில் வருமானம். என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். இரண்டாம் பதிப்பில் 'முறைவரவுப்பெயர்' என்றாவது திருத்துங்கள்.

கோலகங்சார்:

அச்சில் எது இருந்தாலும் சரி. சனிக்கிழமை அந்தப் பாடம் நான்தான் எடுக்கிறேன், பெரட்டுப் பெயர் என்றுதான் சொல்லுவேன்.