பேக்கர், ரிவார்டு, பிளாட்ஃபார்ம் சப்போர்ட்: தமிழில் என்ன சொல்வது?

த. (மதுரை) எழுதியது:

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

வியாழக்கிழமைக்குள் ஒரு பாடக்குறிப்பு அச்சுக்குப் போக வேண்டும். வணிகவியல் இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குத் திரள்நிதி (கிரவுட் ஃபண்டிங்) பற்றிய பாடம். எடுத்துக்காட்டாக எலைட்: டேஞ்சரஸ் என்ற இணைய விளையாட்டை வைத்திருக்கிறேன். 1984இல் வந்த எலைட் விளையாட்டின் வழியில் புதிதாக ஒன்றைச் செய்ய, கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஃபிரான்டியர் டெவலப்மென்ட்ஸ் 2012 நவம்பரில் கிக்ஸ்டார்ட்டர் என்ற நிதி திரட்டும் இணையத்தளத்தில் பணம் கேட்டது. கேட்டது 12.5 லட்சம் பவுண்டு. 2013 ஜனவரியில் கெடு முடிந்தபோது சேர்ந்திருந்தது 15,78,316 பவுண்டு. 14 லட்சத்தைத் தொட்டால் மேக் கணினிக்கும் கொண்டுவருவோம் என்று சொல்லியிருந்தார்கள், தொட்டது. 2015 மே மாதம் மேக்கில் வந்தது. 2018 டிசம்பரில் மேக்கைக் கைவிட்டார்கள். வகுப்பில் சண்டை மூட்ட இதைவிட நல்ல கதை கிடைக்காது.

கதை சரி, சொல்தான் இடிக்கிறது. என் வரைவில் இருக்கும் வாக்கியம் இது:

"தளத்தில் ஆதரவு தந்த ஆதரவாளர்களுக்கு வாக்களிக்கப்பட்ட தள ஆதரவு, மூன்றரை ஆண்டில் விலக்கிக்கொள்ளப்பட்டது."

முதல் தளம் கிக்ஸ்டார்ட்டர், அடுத்த தளம் மேக். முதல் ஆதரவு பணம், கடைசி ஆதரவு மென்பொருள். வகுப்பில் வாசித்துக் காட்டினேன். "கூட்டணி முறிஞ்சிருச்சா மேடம்?" என்று கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல். சரி, ஆங்கிலச் சொல்லையே தமிழில் எழுதிவிடலாம் என்று பார்த்தால், பணம் தந்தவரைப் 'பேக்கர்' என்றதும் ரொட்டி சுடுகிறவர் வந்து நிற்கிறார்.

மூன்று சொற்கள் போதும்: பேக்கர், அவருக்குக் கிடைக்கும் ரிவார்டு, மேக் போன்ற ஒரு தளத்துக்கும் விளையாட்டைத் தந்து பராமரிக்கும் பிளாட்ஃபார்ம் சப்போர்ட். கருணை காட்டுங்கள்.

*

செ. (தஞ்சாவூர்) எழுதியது:

அன்புள்ள த. அம்மா,

இருக்கிற சொல்லை விட்டுவிட்டு ஏன் தெருவில் தேட வேண்டும்? பேக்கர் என்பவர் புரவலர். அவர் பெறுவது பரிசில். புரத்தல் என்றால் காத்தல். ஒரு முயற்சி அழியாமல் காப்பவர் புரவலர். இதே வேரில்தான் 'புரவு' வருகிறது. சோழர் கல்வெட்டுகளில் நிலவரிக் கணக்கு பார்த்த அலுவலகத்துக்குப் 'புரவுவரித் திணைக்களம்' என்றே பெயர். ஆக, பணம், கணக்கு, காப்பு மூன்றும் ஒரே வேருக்குள் அடக்கம். உங்கள் மூன்றாவது சொல்லையும் இதிலிருந்தே எடுக்கலாம்: தளப்புரவு. ஒரு நிறுவனம் மேக் தளத்தைப் புரக்கிறது, பிறகு புரவாமல் விடுகிறது. ஒரே வேர், இரண்டு சொல், குழப்பம் தீர்ந்தது.

*

ந. (யாழ்ப்பாணம்) எழுதியது:

செ. ஐயா திணைக்களத்தைத் தொட்டதால் ஒரு வார்த்தை. அந்தச் சோழர் காலச் சொல் எங்களிடம் இன்றைக்கும் அலுவலகப் பலகைகளில் இருக்கிறது: கல்வித் திணைக்களம், காணித் திணைக்களம். தமிழ்நாட்டில் 'துறை' அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. புழக்கத்தில் இருப்பதுதான் தூய்மை என்று நான் சொன்னால் ஐயா கோபிப்பார்.

பேக்கருக்கு எங்கள் பக்கத்தில் அனுசரணையாளர் என்று எழுதலாம். கிரிக்கெட் போட்டிக்கும் பாடசாலை விழாவுக்கும் பணம் கொடுப்பவரை அப்படித்தான் சொல்கிறோம்.

*

கு. (சென்னை) எழுதியது:

> பேக்கர் என்பவர் புரவலர். அவர் பெறுவது பரிசில்.

ஐயா, இங்கேதான் உதைக்கிறது. பரிசில் கொடுப்பவர் புரவலர், வாங்குபவர் புலவர். கிக்ஸ்டார்ட்டரில் பணம் கொடுத்தவரே பரிசிலும் வாங்குகிறார். திசையே தலைகீழ். அதியமான் ஔவைக்குப் பொருளும் கொடுத்துவிட்டு, ஔவையிடம் சட்டையில் குத்திக்கொள்ள ஒரு சின்னமும் வாங்கிப்போனால் எப்படி இருக்கும்?

இன்னொன்று. கொடுத்தவர்களில் பெரும்பாலோர் சின்னத் தொகை போட்டவர்கள். விளையாட்டு வந்ததும் ஒரு படி கைக்கு வரும், அவ்வளவுதான். கூடக் கொடுத்தவர்களுக்குச் சில சலுகைகள்: ஒரு விண்மீன் தொகுதிக்குத் தாங்களே பெயர் வைக்கலாம்; ஷின்ரார்ட்டா தெஸ்ரா என்ற தொகுதிக்குள் நுழைய அனுமதி. அந்த அனுமதியை மற்றவர்கள் விளையாட்டுக்குள் எலைட் என்ற உயர்ந்த தரநிலை வரை ஆடித்தான் பெற வேண்டும். இதை எல்லாம் எதிர்பார்த்துக் கொடுப்பவரைப் புரவலர் என்றால், ஆய் அண்டிரனைப் பாடிய முடமோசியார் சண்டைக்கு வருவார். 'இம்மைச் செய்தது மறுமைக்கு ஆம் எனும் அறவிலை வணிகன் ஆய் அலன்' (புறம் 134). மறுமைக்கென்று கொடுத்தாலே வணிகன் என்கிறார்; இவர்கள் டிசம்பருக்குள் தபாலில் வர வேண்டும் என்கிறார்கள்.

ந. சொல்லும் அனுசரணையாளருக்குப் பதாகையில் பெயர் போட வேண்டும். அது ஸ்பான்சர், வேறு ஆள்.

*

செ. எழுதியது:

புறம் 134 எனக்கும் மனப்பாடம் தம்பி. 208ஐயும் பாருங்கள். அதியமான் நேரில் பார்க்காமல் பொருளைக் கொடுத்தனுப்ப, பெருஞ்சித்திரனார் 'காணாது ஈத்த இப்பொருட்கு யானோர் வாணிகப் பரிசிலன் அல்லேன்' என்று மறுக்கிறார். அதாவது வாணிகப் பரிசிலன் என்றொரு வகை அன்றே மனதில் இருந்திருக்கிறது. முகம் பார்க்காமல் கொடுப்பதும் வாங்குவதும்தான் இந்த இணைய நிதியின் இலக்கணம். ஆகவே ரிவார்டு என்பது வாணிகப் பரிசில். அச்சுக்கு அனுப்பலாம்.

*

த. எழுதியது:

ஐயா, விளக்கம் அருமை. வகுப்பில் சொல்கிறேன். ஆனால் அட்டவணையில் அந்தக் கட்டத்தின் அகலம் இரண்டு அங்குலம்.

ரிவார்டுக்குக் கைம்மாறு சரிவருமா என்று யோசித்தேன். 'கைம்மாறு வேண்டா கடப்பாடு' பள்ளியிலேயே படித்த குறள்தானே. கொடுத்ததற்குப் பதிலாக வருவது என்ற பொருள் பொருந்தியே வருகிறது. அலுவலகத்தில் கேட்டுப் பார்த்தேன். "கைமாத்தா? எப்போ திருப்பித் தரணும்?" என்றார் எழுத்தர். வட்டியில்லாக் கடன் என்று புரிந்துகொண்டார். பிள்ளைகளும் அப்படித்தான் எடுப்பார்கள் என்று கைவிட்டேன்.

*

பு. (பேராவூரணி) எழுதியது:

அக்கா, இத்தனை பேர் இத்தனை மடல் எழுதியும் ஒருவருக்குக்கூட மொய் நினைவுக்கு வரவில்லையே!

எங்கள் பக்கம், பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு வட்டாரத்தில் ஆடி மாதம் வந்தால் மொய் விருந்துதான். கல்யாணம் காதுகுத்து எதுவும் வேண்டாம்; பணம் தேவை, அதனால் விருந்து. பத்திரிகை அடித்து, பந்தல் போட்டு, கறிச்சோறு போடுவார்கள். ஒரு பக்கம் இலை, இன்னொரு பக்கம் வரிசையாக மேசை போட்டு மொய் எழுதுகிற ஆட்கள். ஊர், பெயர், தொகை என்று ஒவ்வொன்றும் நோட்டில் ஏறும். செலவு கட்டுப்படியாகாது என்றால் நாலைந்து பேர் சேர்ந்து ஒரே பந்தலில் நடத்துவார்கள். வந்த பணத்தில் கிணறு வெட்டுவார்கள், கடை வைப்பார்கள். கிக்ஸ்டார்ட்டர் 2009இல் வந்தது; எங்கள் நோட்டு அதற்கு எவ்வளவோ முந்தியது.

சொல்லையும் பாருங்கள். மொய்த்தல் என்றால் திரண்டு சூழ்வது. ஈ மொய்க்கிறது, கூட்டம் மொய்க்கிறது. மொய் என்ற சொல்லுக்கே கூட்டம், வலிமை, போர் என்று அகராதிகளில் பொருள் உண்டு. மொய்ம்பு அதன் உறவு. கிரவுட் ஃபண்டிங் என்பதில் கிரவுடும் மொய், ஃபண்டும் மொய். இரண்டு ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் ஓரெழுத்தொருமொழி போல ஒரே சொல்! பேக்கர் என்பவர் மொய்யாளர். ரிவார்டு? கறிச்சோறு.

*

கு. எழுதியது:

மொய்க்கு ரெண்டெழுத்து பு., ஆனாலும் சிரித்து முடியவில்லை.

ஒரு வணிகவியல் ஆசிரியர் இதை ஒப்புக்கொள்ள முடியாது. மொய் திரும்பி வர வேண்டிய பணம். நான் எழுதியதை நீங்கள் என் வீட்டு விசேஷத்தில் கொஞ்சம் கூட்டியே திருப்பி எழுத வேண்டும். எழுதாவிட்டால் ஊர் முழுக்கத் தெரியும். கிக்ஸ்டார்ட்டர் பணம் அப்படி இல்லை. இலக்கை எட்டாவிட்டால் யாரிடமும் பணமே எடுக்க மாட்டார்கள். எட்டிவிட்டால் பணம் போய்விட்டது. பொருள் வரலாம், தாமதமாகலாம், வராமலும் போகலாம். நாங்கள் கடை இல்லை என்று 2012 செப்டம்பரில் அவர்களே தலைப்புப் போட்டு எழுதினார்கள்.

இந்த விளையாட்டிலேயே அது பெரிய சண்டையானது. இணையம் இல்லாமல் தனியாகவும் ஆடலாம் என்று நிதி திரட்டும்போது சொன்னார்கள். 2014 நவம்பரில், வெளியீட்டுக்கு ஒரு மாதம் இருக்கும்போது, அது முடியாது என்று அறிவித்தார்கள். கொடுத்தவர்களில் பலர் பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள். கேட்க உரிமை உண்டா? கொடையாளர் என்று எழுதினால் கிடையாது. வாடிக்கையாளர் என்று எழுதினால் உண்டு. முதலீட்டாளர் என்று எழுதினால் லாபத்திலும் பங்கு கேட்பார்கள். வழக்கை வகுப்பில் விவாதிக்கும் முன் சொல்லே தீர்ப்புச் சொல்லிவிடக் கூடாது. அதனால் எந்தப் பக்கமும் சாயாத பங்களிப்பாளர் என் ஓட்டு. அழகில்லை, ஒத்துக்கொள்கிறேன்.

*

பு. எழுதியது:

பங்களிப்பாளர் என்றால் விக்கிப்பீடியாவில் எழுத்துப்பிழை திருத்துகிறவரும் பங்களிப்பாளர்தான். பணம் எங்கே இருக்கிறது அந்தச் சொல்லில்? என் ஓட்டு மொய்யாளருக்கே.

*

ந. எழுதியது:

மூன்றாவது சொல்லை எல்லோரும் மறந்துவிட்டீர்கள். பிளாட்ஃபார்ம் சப்போர்ட் என்பதற்குப் பெயர்ச்சொல்லே தேவையில்லை. 'மேக்கில் ஓடும்', 'மேக்கில் ஓடாது'. தமிழ் வினையை நம்புகிற மொழி. ஆங்கிலத்தில் பெயராக இருந்தால் தமிழிலும் பெயராக இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? அட்டவணைக்குத் தலைப்பு வேண்டுமானால் வினைத்தொகையாக 'ஓடுதளம்' என்று போடுங்கள்.

*

த. எழுதியது:

ந. அவர்களே, விண்கலம் ஓட்டுகிற விளையாட்டு இது. 'மேக் ஓடுதளம் 2018இல் மூடப்பட்டது' என்றால் விமான நிலையத்தை இழுத்து மூடிவிட்டார்கள் என்றுதான் படிப்பார்கள்.

வினையாகச் சொல்வது எனக்குப் பிடித்திருக்கிறது. 'மேக்கில் ஓடாது' என்றே எழுதிவிடட்டுமா?

*

கு. எழுதியது:

எழுதினால் தப்பாகிவிடும். ஏன் நிறுத்தினார்கள் என்பதைப் பார்த்தால் தெரியும்.

2015 டிசம்பரில் ஹொரைசன்ஸ் என்ற விரிவாக்கம் வந்தது. அதில் கோள்களின் தரையில் இறங்கலாம். அந்தத் தரையின் மேடு பள்ளங்களைக் கணக்கிட்டு உருவாக்குவது வரைகலைச் செயலியின் வேலை. அதற்குக் கம்ப்யூட் ஷேடர் என்ற வசதி, அதாவது பொதுக் கணக்குகளையும் அந்தச் செயலியிலேயே போடும் வழி, தேவை. வரைகலைச் செயலியோடு நிரல்கள் பேச உதவும் ஓபன்ஜிஎல் என்ற பொது இடைமுகத்தில், 4.3ஆம் பதிப்பில்தான் அது சேர்ந்தது. ஆப்பிள் தன் மேக்கில் ஓபன்ஜிஎல்லை 4.1இலேயே நிறுத்திக்கொண்டு மெட்டல் என்ற தன் சொந்த வழிக்குப் போய்விட்டது. ஆக, ஹொரைசன்ஸ் மேக்குக்கு வரவே இல்லை. மேக்காரர்கள் பழைய பகுதியை மட்டும் ஆடிக்கொண்டிருந்தார்கள், கடைசியில் அதுவும் போனது.

ஆனால் இன்டெல் செயலி உள்ள மேக் கணினியில் பூட் கேம்ப் வழியாக விண்டோஸ் போட்டால் விளையாட்டு ஓடும். 2018க்குப் பிறகும் அப்படி ஆடினார்கள். எனவே 'மேக்கில் ஓடாது' பொய். சப்போர்ட் என்றால் ஓடுவது மட்டும் இல்லை. ஓடவில்லை என்று புகார் சொன்னால் சரிசெய்து தருவோம், புதிதாக வருவதை அங்கேயும் தருவோம் என்கிற பொறுப்பு. அந்தப் பொறுப்பைத்தான் கைகழுவினார்கள்.

*

செ. எழுதியது:

பொறுப்பேற்றுக் காப்பதற்குப் பெயர்தான் புரவு என்று முதல் மடலிலேயே சொன்னேன். யாரும் படிப்பதில்லை.

*

த. எழுதியது:

புதன் இரவு ஆகிவிட்டது. அச்சகத்துக்கு இப்படி அனுப்புகிறேன்.

பேக்கர் – பங்களிப்பாளர். முதல் முறை வரும்போது மட்டும் 'பணம் தந்து பங்களித்தவர்'. இங்கே வந்த ஓட்டு ஒன்று, தனிமடலில் இரண்டு; அதைப் பெரும்பான்மை என்று வைத்துக்கொள்கிறேன்.

ரிவார்டு – பதில்பரிசு. யாருக்கும் முழுத் திருப்தி இல்லை, எனக்கும்தான். கைமாத்து ஆகாது என்பதே அதன் தகுதி.

பிளாட்ஃபார்ம் சப்போர்ட் – இந்தச் சொல்லையே தவிர்த்துவிட்டேன். 'மேக் பதிப்பு 2015இல் வந்தது, 2018இல் நிறுத்தப்பட்டது.' பதிப்பு எல்லோருக்கும் தெரிந்த சொல்.

பு., மொய் விருந்தை ஒரு பெட்டிச் செய்தியாகச் சேர்த்திருக்கிறேன். செ. ஐயா, புறம் 208 பயிற்சி வினாவில் இருக்கிறது: 'எலைட்: டேஞ்சரஸ் பங்களிப்பாளர் வாணிகப் பரிசிலரா? விவாதிக்க.' பத்து மதிப்பெண்.

*

கு. எழுதியது:

மேக்குக்குப் பதிப்பு சரி. அடுத்த பத்தியில் மாட்டுவீர்கள். இதே விளையாட்டு எக்ஸ்பாக்ஸ் ஒன், பிளேஸ்டேஷன் 4 ஆகிய விளையாட்டுப் பெட்டிகளிலும் இருக்கிறது. 2021இல் கணினிக்கு ஒடிஸி விரிவாக்கம் வந்தது. 2022 மார்ச்சில், இனி அந்தப் பெட்டிகளுக்குப் புதிதாக எதுவும் செய்யப்போவதில்லை, ஒடிஸியும் அங்கே வராது என்று அறிவித்தார்கள்; வேண்டுமானால் உங்கள் கணக்கைக் கணினிக்கு மாற்றிக்கொள்ளுங்கள் என்றார்கள். ஆனால் அங்கே இருந்த விளையாட்டை மூடவில்லை. பதிப்பு இருக்கிறது, ஆட முடிகிறது, சப்போர்ட் மட்டும் பாதியில் நின்றுவிட்டது. 'பதிப்பு நிறுத்தப்பட்டது' என்று இங்கே எழுத முடியாது. என்ன செய்வீர்கள்?

*

த. எழுதியது:

அந்தப் பத்தியை எடுத்துவிட்டேன்.

*

செ. எழுதியது:

தளப்புரவு என்று போட்டிருந்தால் எடுத்திருக்க வேண்டாம். அடுத்த பதிப்பிலாவது திருத்துங்கள் அம்மா. திரள்நிதி பற்றியும் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. நாளை விரிவாக எழுதுகிறேன்.