வீட்டிலேயே கார் கழுவ எந்த சோப்பு சரி? பளபளப்பு மங்கி, வெள்ளைப் புள்ளிகள் வருகின்றன

கருநீலம்:

வணக்கம். என்னுடையது கருநீல நிறக் கார், வாங்கி மூன்று வருடம் ஆகிறது. வாரம் ஒருமுறை நானேதான் கழுவுகிறேன். ஒரு வாளித் தண்ணீரில் பாத்திரம் கழுவும் லிக்விடைக் கலந்து, பழைய பனியன் துணியால் தேய்த்து, ஹோஸ் பைப்பில் அலசிவிட்டு வெயிலிலேயே காயவிடுவேன். அழுக்கு நன்றாகத்தான் போகிறது. ஆனால் ஐந்தாறு மாதமாக வண்டியைப் பார்க்கவே மனசு வலிக்கிறது.

காய்ந்ததும் பானெட் முழுக்க வெள்ளையாக வட்டப் புள்ளிகள். முன்பெல்லாம் மழைத்தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடும். இப்போது தகடு மாதிரி படர்ந்து நிற்கிறது. வெயிலில் சாய்ந்து பார்த்தால் சிலந்தி வலை போல மெல்லிய கோடுகள்.

சோப்பை மாற்றினால் சரியாகுமா? துணி துவைக்கும் பவுடர், குழந்தைகளுக்கான ஷாம்பு, கார் ஷாம்பு என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். 'பி.எச். நியூட்ரல்' என்று போட்டிருப்பதைத்தான் வாங்க வேண்டுமா?

இரட்டைவாளி:

நண்பரே, நீங்கள் சொன்ன மூன்றும் மூன்று தனித்தனிப் பிரச்சினைகள். சோப்பை மட்டும் மாற்றினால் ஒன்றுதான் தீரும்.

தண்ணீர் உருண்டு ஓடாமல் படர்வது சோப்பால் வந்தது. பெயின்ட் மேல் இருந்த மெழுகுப் பூச்சுதான் தண்ணீரை முத்தாக நிற்க வைத்தது. பாத்திர லிக்விட் எண்ணெய்ப் பிசுக்கைப் பிரித்தெடுக்கவே செய்யப்பட்டது. அதற்குச் சட்டியில் ஒட்டிய எண்ணெயும் ஒன்றுதான், கார் மேல் இருக்கும் மெழுகும் ஒன்றுதான். வாராவாரம் கழுவினால் மெழுகு எப்படி நிற்கும்?

வெள்ளைப் புள்ளிகள் தண்ணீரால் வந்தவை. உங்கள் தண்ணீர் உப்புத் தண்ணீராக இருக்க வேண்டும். துளி காய்ந்ததும் தண்ணீர் ஆவியாகிவிடும், அதிலிருந்த கால்சியமும் மெக்னீசியமும் வட்டமாக அங்கேயே தங்கிவிடும். வெயிலில் காயவிடுவதை இன்றோடு நிறுத்துங்கள்.

சிலந்தி வலைக் கோடுகள் துணியால் வந்தவை. பனியன் துணியில் சிக்கிய மணல் துகளை வட்டமாகத் தேய்த்தால் உப்புத்தாள் போட்டது மாதிரிதான். பெயின்ட் நிறத்துக்கு மேலே, மெழுகுக்கு அடியில் இருக்கும் நிறமில்லாத கிளியர் கோட் பூச்சின் தடிமன் சுமார் 40 முதல் 50 மைக்ரான். தலைமுடியே பொதுவாக அதைவிடத் தடிமன். அவ்வளவு மெல்லிய தோலைத்தான் நாம் தேய்த்துக்கொண்டிருக்கிறோம்.

வெள்ளைக்குதிரை:

நான் எட்டு வருடமாகப் பாத்திர லிக்விடில்தான் கழுவுகிறேன். வெள்ளைக் கார். ஒன்றும் ஆகவில்லை. கார் ஷாம்பு வீண் செலவு என்பது என் கருத்து.

இரட்டைவாளி:

ஐயா, உங்கள் அனுபவத்தை மறுக்கவில்லை. பாத்திர லிக்விட் பட்டதும் பெயின்ட் உரிந்துவிடாது. புது மெழுகு போடுவதற்கு முன் பழையதை எடுக்க நானே ஒருமுறை அதில் கழுவுவதுண்டு. ஆனால் வெள்ளை நிறத்தில் கோடும் தெரியாது, உப்புப் புள்ளியும் தெரியாது. கருநீலமும் கறுப்பும் எதையும் மறைக்காது. இரவில் டார்ச் லைட்டை உங்கள் கதவுக்கு நெருக்கமாகப் பிடித்துப் பாருங்கள், எத்தனை கோடு என்று தெரிந்துவிடும்.

நுரைப்பிரியன்:

சோப்பு வகைகளைப் பற்றி மட்டும் சொல்கிறேன். இதில் நான் நிறையப் பணமும் நேரமும் செலவழித்திருக்கிறேன்.

துவைக்கும் பவுடர் வேண்டவே வேண்டாம். அதில் சோடியம் கார்பனேட் போன்ற காரம் இருக்கும், கரையாத குருணையும் இருக்கும். காரம் மெழுகை எடுக்கும், அலுமினியப் பாகங்களை மங்க வைக்கும். குருணை கோடு போடும்.

கட்டி சோப்பும் வேண்டாம். அது உப்புத் தண்ணீரில் உள்ள கால்சியத்தோடு சேர்ந்து, கரையாத வெள்ளைப் படிவாக மாறும். குளியலறைச் சுவரில் படிகிறதே, அதேதான். கண்ணாடியில் படிந்தால் வைப்பர் ஓடும்போது இழுவிக்கொண்டே இருக்கும்.

குழந்தை ஷாம்பு கெடுதல் செய்யாது. அவசரத்துக்குப் பரவாயில்லை. ஆனால் சேற்றை எடுக்கும் திறன் குறைவு.

பி.எச். பற்றிக் கேட்டீர்கள். 7 என்றால் நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். ஒவ்வொரு எண்ணும் பத்து மடங்கு வித்தியாசம். கார் ஷாம்புக்கு 7ஐ ஒட்டி இருந்தால் நல்லது. ஆனால் அதை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். கையில் படுவதற்காகச் செய்த பாத்திர லிக்விட்கள் பலவும் ஏறக்குறைய நடுநிலையில்தான் இருக்கும். அவற்றின் குறை பி.எச். அல்ல, எண்ணெயைப் பிரிக்கும் வேகம்.

நான் முதலில் பார்ப்பது வழுக்கல். ஷாம்பு கலந்த தண்ணீரை விரல்களுக்கு நடுவே தேய்த்தால் வழுவழுவென்று நழுவ வேண்டும். அந்த வழுக்கல்தான் மணல் துகளைப் பெயின்டில் உரசாமல் மிதக்கவைத்து வெளியே கொண்டுபோகிறது. நுரை பொங்குவதைப் பார்த்து ஏமாறாதீர்கள். நுரை நிறைய வந்தும் கை கிறீச்சென்று பிடிக்கிற ஷாம்பு உண்டு. நுரை குறைவாக இருந்தும் அருமையாக வழுக்குவதும் உண்டு. புதுப் பாட்டில் வாங்கினால் இந்த விரல் சோதனையைத்தான் முதலில் செய்வேன்.

அளவு லேபிளில் உள்ளபடி. கூட ஊற்றினால் கூடுதல் சுத்தம் கிடைக்காது. அலசத்தான் கூடுதல் தண்ணீர் வேண்டும். 'வாஷ் அண்ட் வாக்ஸ்' வகை மெல்லிய பூச்சை விட்டுச்செல்லும், உங்களுக்கு இப்போதைக்கு உதவும். ஒரே எச்சரிக்கை: மேட் பெயின்ட் (பளபளப்பில்லாத பூச்சு) வண்டிக்கு அதைப் பயன்படுத்தக் கூடாது, திட்டுத்திட்டாகப் பளபளக்கும்.

கருநீலம்:

இவ்வளவு விளக்கமாக எழுதியதற்கு மனமார்ந்த நன்றி. சோப்பே எல்லாவற்றுக்கும் காரணம் என்று நினைத்திருந்தேன். ஏற்கெனவே இருக்கும் வெள்ளைப் புள்ளிகளை எப்படி எடுப்பது? நகத்தால் சுரண்டினாலும் வரவில்லை.

இரட்டைவாளி:

நகத்தை வைக்காதீர்கள். வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து, நிழலில், தகடு குளிர்ந்திருக்கும்போது, துணியில் நனைத்து ஒரு புள்ளி மேல் ஒரு நிமிடம் வையுங்கள். மெல்ல ஒற்றி எடுத்துவிட்டு நிறையத் தண்ணீரில் அலசுங்கள். போய்விட்டால் மேலே படிந்த உப்புதான். அப்படியே இருந்தால் கிளியர் கோட்டை அரித்து உள்ளே இறங்கிவிட்டது, பாலிஷ் போடாமல் போகாது. வினிகர் மெழுகையும் எடுக்கும், அதனால் தேவையான இடத்தில் மட்டும்.

அப்புறம், கழுவும் முறை. முதலில் வெறும் தண்ணீரை அடித்து மணலை இறக்குங்கள். இந்தப் படியைத்தான் எல்லாரும் அவசரத்தில் விடுகிறார்கள், கோடு விழுவதே அதனால்தான். ஒரு வாளியில் ஷாம்பு, இன்னொன்றில் வெறும் தண்ணீர். மைக்ரோஃபைபர் கையுறையால் கூரையிலிருந்து கீழ்நோக்கி, நேர்க்கோட்டில், அழுத்தாமல். ஒவ்வொரு பாகம் முடிந்ததும் கையுறையை வெறும் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் மறுபடி ஷாம்பில் முக்க வேண்டும். அந்த வெறும் வாளியின் அடியில் கடைசியில் தங்கும் மணலைப் பாருங்கள். இதுவரை அத்தனையையும் காரில்தான் தேய்த்துக்கொண்டிருந்தோம் என்பது புரியும். சக்கரத்துக்குத் தனித் துணி. பிரேக்கிலிருந்து உதிரும் இரும்புத் தூள் அதில் ஏறிவிடும்.

கருநீலம்:

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். வினிகரில் பெரும்பாலான புள்ளிகள் போய்விட்டன. பானெட்டின் நடுவில் நாலைந்து மட்டும் அசையவில்லை, அவை உள்ளே இறங்கியவை போலிருக்கிறது.

ஷாம்பு வாங்கி விரல் சோதனையும் செய்தேன். பழைய லிக்விடில் விரல் பிடித்தது, இதில் எண்ணெய் தொட்டது போல நழுவியது. காலையில் வெயில் ஏறுவதற்கு முன் கழுவி, பெரிய மைக்ரோஃபைபர் துண்டை விரித்து இழுத்துத் துடைத்தேன். ஒரு புதுப் புள்ளிகூட இல்லை. வாளியின் அடியில் ஒரு கைப்பிடி கரிய மண். நீங்கள் சொன்னது அப்படியே நடந்தது.

மெழுகும் போட்டுவிட்டேன். நேற்று மழை. குடையோடு போய்ப் பார்த்தேன், மறுபடி முத்து முத்தாக ஓடுகிறது. சிலந்தி வலைக் கோடுகள் மட்டும் அப்படியே இருக்கின்றன. அதற்குக் கையால் பாலிஷ் போட்டால் போதுமா, மெஷின் வேண்டுமா?

இரட்டைவாளி:

கையால் போட்டால் லேசாக மங்கும், முழுதாகப் போகாது. மெஷின் வேண்டும். ஆனால் பாலிஷ் என்பது கிளியர் கோட்டைக் கொஞ்சம் சீவி எடுப்பது, அதனால் அனுபவம் உள்ளவரிடம், பெயின்ட் தடிமனை அளந்து பார்த்துச் செய்பவரிடம் கொடுங்கள். ஓரிரு மாதம் புது முறையில் கழுவிப் பழகிய பிறகு போடுங்கள். கை பழகாமல் போட்டால் அதே கோடுகள் திரும்ப வந்துவிடும்.