சரிவு கண்ணாடி மாதிரி மின்னுகிறது, கத்தியோ தக்காளியில் வழுக்குகிறது – என்ன தப்பு செய்கிறேன்?

மண்டபம்காரன்:

வணக்கம். இரண்டு வாரமாக ஒரு கத்தியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். தடைக்காலம் தொடங்கி விசைப்படகுகள் கரையில் நிற்பதால் ஐஸ் கம்பெனியில் எனக்குப் பாதி நாள்தான் வேலை. மீதி நேரம் இதற்கே போகிறது.

கத்தி 8 அங்குலம், சாதாரண எவர்சில்வர் ரகம். வீட்டில் மீன் வெட்டுவது எல்லாம் இதில்தான். முன்பு சாணை பிடிக்கிறவரிடம் ஒரு கத்தியைக் கொடுத்தேன். சக்கரத்தில் பொறி பறக்கத் தேய்த்ததில் விளிம்பு நீலமாகிப்போனது. அதன் பிறகு அந்தக் கத்தி இரண்டு நாள் கூடக் கூர் நிற்கவில்லை. அதனால்தான் ஆன்லைனில் அந்தக் கம்பி வைத்த சாணை செட்டை வாங்கினேன். கத்தியைக் கிளாம்பில் கவ்வ வைத்து, மேலே ஒரு குமிழ் வழியாகக் கம்பியை நுழைத்து, கம்பியில் மாட்டிய கல்லை முன்னும் பின்னும் இழுப்பது. கோணம் கையைப் பொறுத்து மாறாது என்றார்கள். 120, 400, 1000 என்று மூன்று கல் வந்தது; எண் கூடக் கூடக் கல் நைஸாக இருக்கும்.

20 டிகிரிக்கு வைத்து, ஒவ்வொரு கல்லிலும் பக்கத்துக்கு 30 இழுப்பு இழுத்தேன். 1000 கல் முடிந்ததும் சரிவு, அதாவது விளிம்பை ஒட்டிக் கல் தேய்த்த சாய்வான பட்டை, கண்ணாடி போல மின்னியது. ஆனால் தக்காளித் தோலில் வைத்தால் வழுக்குகிறது. கைப்பிடி பக்கம் காகிதம் வெட்டுகிறது, நுனிப்பக்கம் சுத்தமாக இல்லை. கொஞ்சம் கூர் வந்தாலும் இரண்டு நாளில் போய்விடுகிறது. கல் மோசமா, கத்தி மோசமா, நான் மோசமா?

பரமக்குடி தம்பி:

அண்ணே, 1000 போதாது. 3000 கல் ஒன்று வாங்கிப் போடுங்கள், சரியாகிவிடும்.

தொண்டி பட்டறை:

தம்பி, அவசரப்பட்டுக் காசைக் கொட்ட வைக்காதே. 400 கல்லோடு நிறுத்திய கத்தி கூட ஒழுங்காகத் தீட்டியிருந்தால் தக்காளியைச் சீவும். சரிவு மின்னுவது வேறு, விளிம்பு கூராவது வேறு. கல் விளிம்பைத் தொடாமல் சரிவின் மேல் ஓரத்தை மட்டும் தேய்த்தாலும் கண்ணாடி மாதிரிதான் மின்னும்.

மண்டபம்காரரே, ஒரு கறுப்பு மார்க்கர் எடுங்கள். சரிவு முழுக்க, விளிம்பு வரைக்கும் பூசுங்கள். 1000 கல்லால் மெதுவாக நாலே இழுப்பு. அப்புறம் வெளிச்சத்தில் பாருங்கள். கறுப்பு எங்கே போயிருக்கிறது, எங்கே நிற்கிறது என்று சொல்லுங்கள். கூடவே மூன்று கல்லின் தடிமனையும் அளந்து எழுதுங்கள். கல் ஒட்டியிருக்கும் தாங்கு பலகையோடு சேர்த்து அளக்க வேண்டும்.

அப்புறம் அந்த 30 இழுப்புக் கணக்கை மறந்துவிடுங்கள். எண்ணிக்கை கத்திக்குத் தெரியாது. 120 கல்லில் ஒரு பக்கம் தேய்த்தால் மறுபக்கத்தில் பிசிறு, அதாவது விளிம்பைத் தாண்டி மடிந்து நிற்கும் மெல்லிய இரும்பு, எழும்ப வேண்டும். கைப்பிடியிலிருந்து நுனி வரை ஓர் இடம் விடாமல் எழும்ப வேண்டும். அது வரும்வரை திருப்பவே கூடாது. 30-ல் வரலாம், மழுங்கிப்போன கத்தி என்றால் 200 கூட ஆகலாம்.

மண்டபம்காரன்:

பிசிறு எழும்பியதை எப்படிக் கண்டுபிடிப்பது அண்ணே? கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை.

தொண்டி பட்டறை:

விரலைக் கத்தியின் முதுகுப் பக்கத்திலிருந்து விளிம்பை நோக்கி, குறுக்காக இழுத்து வெளியே விடுங்கள். விளிம்போடு ஒட்டி நீளவாக்கில் ஓட்டினால் விரல் போகும், அதை மட்டும் செய்யாதீர்கள். குறுக்காக விடும்போது கம்பி மாதிரி ஏதோ தட்டினால் அதுதான் பிசிறு. பயமாக இருந்தால் பஞ்சைத் தேய்த்துப் பாருங்கள், நூல் நூலாகப் பிடிக்கும்.

கீழக்கரை வீட்டுக்காரி:

எனக்கு இந்தக் கம்பி, குமிழ் எல்லாம் தெரியாது. எங்கள் உம்மா பீங்கான் கோப்பையைக் கவிழ்த்து, அடியில் பளபளப்பு இல்லாத சொரசொர வளையத்தில் நாலு இழுப்பு இழுப்பார். நகரை மீனைச் சுத்தம் செய்ய அது போதும். ஆனால் சீலா மீன் தலையை இந்தக் கத்தியால் வெட்டுகிறீர்களா? அதையும் சொல்லுங்கள் தம்பி.

மண்டபம்காரன்:

ராத்தா, ஆமாம், தலையும் இதில்தான். வீட்டில் வேறு கத்தி இல்லை.

தொண்டி அண்ணே, நீங்கள் சொன்னபடி பார்த்தேன். மார்க்கர் சரிவின் மேல் பாதியில் சுத்தமாகப் போய்விட்டது. விளிம்பில் மயிரிழை அளவு கறுப்புக் கோடு அப்படியே நிற்கிறது! நுனிக்குப் போகப் போக அந்தக் கோடு இன்னும் அகலம். கல் தடிமன்: 120 கல் 5 மி.மீ., 400 கல் 6, 1000 கல் 8. 120 கல் நடுவில் கொஞ்சம் குழிந்திருக்கிறது.

தொண்டி பட்டறை:

உங்கள் கேள்விக்குப் பதில் அந்த 5-க்கும் 8-க்கும் நடுவில் இருக்கிறது.

கோணத்தை முடிவு செய்வது குமிழ் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, கத்தி விளிம்பு அதிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதுதான். ஆனால் விளிம்பில் உட்காருவது கம்பி அல்ல, கல். கல் தடிமனானால் விளிம்புக்கு மேலே கம்பி அவ்வளவு தூரம் தூக்கிக்கொள்ளும். குமிழ் அதே இடத்தில் நிற்பதால் கம்பியின் சாய்வு குறையும், கோணம் சிறுத்துவிடும். குமிழுக்கும் விளிம்புக்கும் கம்பியோடு அளந்தால் 19 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள், 3 மி.மீ. கூடுதல் தடிமனுக்குக் கிட்டத்தட்ட 1 டிகிரி குறையும். ஒரு டிகிரி சின்ன விஷயம் போலத் தெரியும். ஆனால் 120 கல் 20 டிகிரியில் போட்ட சரிவை 1000 கல் 19-ல் தேய்த்தால் அது மேல் ஓரத்தில்தான் உட்காரும், விளிம்பைத் தொடவே தொடாது. 120 கல் விட்டுப்போன பிசிறும் கீறலும் விளிம்பில் அப்படியே இருக்கும், அதற்கு மேலே மட்டும் கண்ணாடி.

கல் மாற்றும்போது எத்தனை மி.மீ. தடிமன் கூடுகிறதோ, குமிழையும் அவ்வளவே மேலே ஏற்றுங்கள். 120-லிருந்து 1000-க்குப் போகும்போது 3 மி.மீ.க்குக் கொஞ்சம் கூட. நுணுக்கமாக வேண்டுமென்றால் போனில் சாய்வு காட்டும் செயலி இருக்கும். போனைக் கத்தியின் தட்டையான பக்கத்தில் வைத்துப் பூஜ்யமாக்குங்கள், பிறகு கல்லின் மேல் வைத்துப் படியுங்கள். மூன்று கல்லுக்கும் ஒரே எண் வர வேண்டும். கத்தியைத் திருப்பிப் போட்டு மறுபக்கமும் ஒருமுறை படித்துவிடுங்கள். கிளாம்பின் இரண்டு தாடையும் ஒரே தடிமனில் இருப்பதில்லை.

பரமக்குடி தம்பி:

அண்ணே, நுனியில் கோடு அகலமாக இருப்பதற்குக் காரணம், கம்பி தூரமாகப் போகப் போகக் கோணம் மாறுவதுதானே? நீளமான கத்திக்கு இந்தச் செட் ஒத்துவராது என்று எங்கேயோ படித்தேன்.

தொண்டி பட்டறை:

பாதி சரி. விளிம்பு நேராக இருக்கும் வரைக்கும் குமிழிலிருந்து எவ்வளவு தூரம் போனாலும் கோணம் மாறாது. குமிழ் ஒரு புள்ளி, விளிம்பு ஒரு நேர்கோடு. இரண்டையும் சேர்த்தால் ஒரே தளம்தான் கிடைக்கும், கல் அந்தத் தளத்திலேயே ஓடும். நம்பிக்கை இல்லை என்றால் ஓர் அட்டையை மடித்துப் பார். கோளாறு நுனியில் விளிம்பு வளைகிற இடத்தில்தான். கைப்பிடி ஓரமாகக் கவ்வ வைத்தால் நுனி வளைவில் கோணம் சிறுத்து சரிவு அகலமாகும். நுனி ஓரமாகக் கவ்வ வைத்தால் அங்கே கோணம் பெருத்துவிடும். மண்டபம்காரர் கைப்பிடிக்குப் பக்கத்தில் கவ்வ வைத்திருப்பார், பந்தயம்.

மண்டபம்காரன்:

பந்தயத்தில் நீங்கள்தான் ஜெயித்தீர்கள். கைப்பிடியிலிருந்து இரண்டு விரல் தள்ளித்தான் கவ்வ வைத்தேன், அங்கேதான் இரும்பு தடிமனாக, அசையாமல் இருந்தது.

தொண்டி பட்டறை:

கத்தியின் நடுவுக்குக் கொஞ்சம் நுனிப்பக்கமாக நகர்த்துங்கள். மார்க்கர் பூசி, இரண்டு இழுப்பு, பார்ப்பது, ஒரு செ.மீ. நகர்த்துவது. நேர்ப்பகுதியிலும் வளைவிலும் கறுப்பு ஒரே மாதிரி போகும் இடம் கிடைத்ததும் முதுகில் ஒரு கோடு போட்டு வையுங்கள், அடுத்த முறை தேட வேண்டாம். நுனியில் கல் முழுசாகத் தாண்டிப் போகக் கூடாது. கல்லின் பாதி அகலம் கத்தியில் இருக்கும்போதே நிறுத்துங்கள், இல்லையென்றால் நுனி உருண்டுவிடும்.

சாயல்குடி பனங்காடு:

இரண்டு நாளில் கூர் போவதற்கு நான் ஒன்று சொல்கிறேன். பிசிறை முழுசாக எடுக்காமல் விட்டால் அது ஒரு மெல்லிய தகடாக விளிம்பில் ஒட்டிக்கொண்டு நிற்கும். காகிதத்தை அருமையாக வெட்டும். மீன் முள்ளில் நாலு முறை பட்டதும் மடங்கிவிடும். நாம் கூர் போய்விட்டது என்போம். உண்மையில் அங்கே கூரே வந்திருக்காது.

என் தாத்தா பனையேறி. பாளை அரிவாளைக் கல்லில் தீட்டிய பிறகு, கடைசியாக ஒரு மரக்கட்டையில் வெள்ளைக்கல் பொடியைத் தூவி அதில் இழுப்பார். பாளையைச் சீவும்போது நைந்துவிட்டால் பதநீர் ஒழுங்காக இறங்காது, அதனால் கூர் விஷயத்தில் அவரிடம் விளையாட முடியாது. தீட்டின மரத்திலேயே பதம் பார்ப்பது என்று சொல்கிறோமே, அந்த மரம் இதுதான் என்று எனக்கு ரொம்ப நாள் தெரியாது, சாணைக்கும் மரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று யோசித்திருக்கிறேன். உங்களுக்குக் கட்டை வேண்டாம். பழைய தோல் பெல்ட்டைப் பலகையில் ஒட்டி, கடையில் கிடைக்கும் பச்சை பாலிஷ் மெழுகைப் பூசுங்கள். விளிம்பு பின்னால் வருகிற மாதிரி, முதுகு முன்னால் போக, பக்கத்துக்குப் பத்து இழுப்பு. அழுத்தவே கூடாது, கத்தியின் சொந்த எடை போதும்.

அதற்கு முன்னால், கடைசிக் கல்லிலேயே பக்கத்துக்கு ஒன்று, மறுபக்கத்துக்கு ஒன்று என்று மாற்றி மாற்றி, பூ மாதிரி தொட்டு இழுத்தால் பிசிறில் முக்கால்வாசி போய்விடும்.

கீழக்கரை வீட்டுக்காரி:

சீலாத் தலை விஷயத்தை யாரும் தொடவில்லையே!

தொண்டி பட்டறை:

மன்னிக்கணும் ராத்தா. நீங்கள் சொன்னதுதான் சரி. மெல்லிய கத்தியை 20 டிகிரிக்குத் தீட்டிவிட்டுத் தலையெலும்பில் ஓங்கி அடித்தால் விளிம்பு பல் பல்லாக உடையும் அல்லது மடங்கும். தலைக்குக் கனமான வெட்டுக்கத்தி தனியாக வைத்துக்கொள்ளுங்கள், அதை 25 டிகிரிக்குத் தீட்டினால் போதும். வெட்டுக்கத்தி வழவழவென்று சீவ வேண்டியதில்லை, தாங்க வேண்டும்.

இன்னொன்று, நம் கரைக்காற்று. எவர்சில்வர் என்றாலும் உப்பு நின்றால் பொட்டுப் பொட்டாக அரிக்கும், விளிம்பு எவ்வளவு மெல்லியதோ அவ்வளவு சீக்கிரம். மீனைக் கழுவிய தண்ணீரோடு கத்தியைத் தொட்டியில் போட்டுவிட்டு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று போகாதீர்கள். நல்ல தண்ணீரில் கழுவி, துணியால் துடைத்து வையுங்கள். செட்டின் கம்பியும் துரு பிடிக்கும், எண்ணெய் தொட்டு வையுங்கள். கல்லில் மட்டும் எண்ணெய் படக் கூடாது. தண்ணீர் விட்டுத் தேய்க்கும் கல் என்றால் எண்ணெய் அதன் துளைகளை அடைத்துவிடும்.

மண்டபம்காரன் (நாலு நாள் கழித்து):

தாமதத்துக்கு மன்னியுங்கள். 120 கல்லில் பிசிறு வர ஒரு பக்கத்துக்கு அரை மணி நேரம் ஆனது, நடுவில் இரண்டு முறை எழுந்து டீ குடித்தேன். நான் 30 என்று எண்ணியதை நினைத்தால் சிரிப்புதான் வருகிறது. கல் மாற்றும்போது குமிழை ஏற்றினேன், போனில் பார்த்தால் 19.8, 20, 20.1. கிளாம்பை 6 செ.மீ. நுனிப்பக்கம் நகர்த்தினேன். 1000 கல்லில் மார்க்கர் விளிம்பு வரை போனது. பெல்ட்டில் இழுத்தேன்.

தக்காளி என்ன, நேற்று நாட்டுப்படகில் வந்த விளமீனை வயிற்றில் கத்தி வைத்ததும் அதுவாகவே போயிற்று. வீட்டில் நம்பவில்லை, புதுக் கத்தி வாங்கினாயா என்று கேட்டார்கள். விளக்கொளியில் விளிம்பைப் பார்த்தால் முன்பு மழுங்கிய இடமெல்லாம் வெள்ளைக்கோடாகத் தெரிந்தது, இப்போது கைப்பிடி பக்கம் ஒன்றுமே தெரியவில்லை.

ஒரே குறை, நுனியில் கடைசி ஓர் அங்குலத்தில் இன்னும் வெள்ளைப் பொட்டு இரண்டு தெரிகிறது. 120 கல்லின் நடுக்குழி அதற்குக் காரணமாக இருக்குமா?

தொண்டி பட்டறை:

இருக்கும். குழிந்த கல் இழுக்கும்போது ஓர் இடத்தில் ஒரு கோணம், இன்னோர் இடத்தில் வேறு கோணம் கொடுக்கும். கண்ணாடித் துண்டு ஒன்றின் மேல் 120 நம்பர் உப்புத்தாளை ஒட்டி, தண்ணீர் விட்டு, கல்லில் பென்சிலால் கட்டம் போட்டுத் தேயுங்கள். பென்சில் கோடு நடுவிலும் அழிந்தால் கல் சமம். தேய்த்த பிறகு கல் தடிமன் குறையும், திரும்ப அளந்து குமிழை இறக்க மறக்காதீர்கள். அந்த நுனிப் பொட்டு இரண்டையும் மறுபடி 120-லிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும், 1000 கல்லால் மட்டும் எடுக்கப் பார்த்தால் பொழுது விடியும்.

சாயல்குடி பனங்காடு:

கண்ணாடிக்கு அலைய வேண்டாம் அண்ணே, என்னிடம் ஒரு துண்டும் சிலிக்கான் கார்பைடு பொடி கொஞ்சமும் இருக்கிறது. வெள்ளிக்கிழமை பாம்பன் வருகிறேன், வருகிற வழியில் மண்டபத்தில் இறங்கித் தருகிறேன். கல்லை எடுத்து வையுங்கள்.

மண்டபம்காரன்:

வாருங்கள் தம்பி, சாப்பாடு இங்கேதான். அந்த நீலமாகிப்போன பழைய கத்தியையும் எடுத்து வைக்கிறேன், அதில் ஏதாவது தேறுமா என்று பார்ப்போம்.

தொண்டி பட்டறை:

நீலம் பாய்ந்த இடம் மிருதுவாகியிருக்கும். அந்த நிறம் போகும்வரை, பொறி பறக்காமல் கல்லில் கையால் தேய்த்து எடுத்தால் உள்ளே நல்ல இரும்பு வரும். எத்தனை மி.மீ. உள்ளே போயிருக்கிறது என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.