வேளாண் பிரிவு மாணவருக்குச் சொந்தப் பாத்தி கட்டாயமா?

வாடிப்பட்டியான்:
மேல்நிலையில் வேளாண் அறிவியல் எடுத்த ஒவ்வொரு பிள்ளையும் ஏதாவது ஒன்றைத் தன் பொறுப்பில் வளர்க்க வேண்டும். இரண்டு வரிசை மல்லிகையோ, ஒரு ஜோடி ஆட்டுக்குட்டியோ, எதுவானாலும் சரி. வரவு செலவை அவனே எழுத வேண்டும், ஆசிரியர் நேரில் வந்து பார்க்க வேண்டும், அதற்கு மார்க்கும் வேண்டும். இப்போது நான் பார்க்கிற லட்சணம் என்ன? பள்ளித் தோட்டத்தில் ஒருநாள் களையெடுப்பு. மிச்சமெல்லாம் ரெக்கார்டு நோட்டு, அதுவும் போன வருஷத்து அண்ணன் நோட்டைப் பார்த்து எழுதியது. அமெரிக்காவில் 1917ஆம் வருஷத்து ஸ்மித்-ஹியூஸ் சட்டமே, வேளாண் மாணவர் வருஷத்தில் ஆறு மாதமாவது மேற்பார்வையோடு பண்ணை வேலை பார்க்க வேண்டும் என்று விதித்தது. நாம் இன்னும் யூரியாவில் தழைச்சத்து 46 சதவீதம் என்று ஒப்பித்துக்கொண்டிருக்கிறோம்.

கருஞ்சட்டை மதுரை:
1953இல் ராஜாஜி கொண்டுவந்ததும் இதுதானே தோழர்? பாதி நேரம் பள்ளிக்கூடம், மீதி நேரம் அப்பன் தொழில். குலக்கல்வி என்று பெரியார் எதிர்த்தார், 1954இல் காமராசர் வந்து தூக்கிப் போட்டார். இப்போது மார்க் கொடுத்துத் திரும்பக் கூட்டி வருகிறீர்கள். இன்னொன்று, நிலம் இருக்கிற வீட்டுப் பையன் இரண்டு வரிசை மல்லிகை வைப்பான். அவன் அப்பாவிடம் கூலிக்குப் போகிறவர் மகன் எங்கே வைப்பான்? தெருக்கோடியிலா?

வாடிப்பட்டியான்:
அது தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு. இது பதினாறு வயசில் தானே கேட்டு வாங்கிய பிரிவு. இரண்டையும் ஒரே தராசில் வைக்காதீர்கள்.

கருஞ்சட்டை மதுரை:
கேட்டு வாங்கினானா! பத்தாம் வகுப்பில் மார்க் குறைந்தால் ‘இந்தா, இதுதான் இருக்கு’ என்று தள்ளிவிடுவதை நீங்கள் பார்த்ததே இல்லையா?

பூக்காரம்மா (செல்லம்பட்டி):
தம்பிகளா, என் மகள் இந்தப் பிரிவில்தான் படிக்கிறாள். விடியுமுன்னே நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு எங்களோடு மொட்டு எடுக்கிறாள், அப்புறம் குளித்து பஸ்ஸைப் பிடிக்கிறாள். இதற்கு மேல் எதைச் செய்யச் சொல்கிறீர்கள்? வரவு செலவு எழுதணும் என்கிறீர்கள். பூக்கமிஷன் கடையில் கணக்கு அவள் அப்பா பேரில். அவள் எடுத்த பூ எத்தனை கிலோ, என்ன விலைக்குப் போச்சு என்று அவளுக்கே தெரியாது. மார்க் மட்டும் அவளுக்கு, காசு வீட்டுக்கு என்றால் அது படிப்பா, சம்பளமில்லாத வேலையா?

ஓய்வு வாத்தியார், மேலூர்:
அந்த அம்மா கேட்டதுதான் கேள்வி. மொட்டு எடுப்பது வேலை. எதையாவது தீர்மானித்து, அதன் பலனைப் பார்த்தால்தான் படிப்பு. புதிதாக நட்ட மல்லிகை நல்ல மகசூலுக்கு வர மூன்றாம் வருஷம் ஆகும், அதற்குள் பிள்ளை பள்ளியை விட்டே போய்விடுவாள். அதனால் வளர்ந்த செடியில் நான்கு வரிசையை அவளிடம் விடுங்கள். நவம்பர் கடைசியில் எல்லாரும் ஒன்றரை அடி உயரத்துக்குக் கவாத்து செய்கிறோம். அவள் இரண்டு வரிசையை அப்போதும், இரண்டை மூன்று வாரம் தள்ளியும் வெட்டட்டும். எது எப்போது மொட்டு விட்டது, எதில் மொட்டுப்புழு அதிகம், அன்றன்றைக்கு விலை என்ன, எல்லாவற்றையும் எழுதட்டும். அந்த நோட்டை எந்த அண்ணனிடமும் காப்பியடிக்க முடியாது.

நிலமில்லாத பிள்ளைக்குப் பள்ளி வளாகத்திலேயே ஒரு காளான் குடில் போடலாம். வைக்கோலை ஊறவைத்து, வேகவைத்து, பையில் அடுக்கடுக்காக வித்தைத் தூவினால் மூன்று நான்கு வாரத்தில் முதல் அறுப்பு. சித்திரை வெயிலில் மட்டும் ஆரம்பிக்க வேண்டாம், சிப்பிக் காளான் தாங்காது.

கருஞ்சட்டை மதுரை:
குடில் செலவு பள்ளியுடையது, விற்ற காசு பிள்ளையுடையது என்று எழுத்தில் கொடுப்பார்களா சார்? இல்லையென்றால் அந்தக் காளான் எந்த ஸ்டாஃப் ரூமுக்குப் போகும் என்று எனக்குத் தெரியும்.

ஓய்வு வாத்தியார், மேலூர்:
எழுத்தில்தான் கொடுக்க வேண்டும், அதில் நான் உங்கள் பக்கம். ஆனால் வாடிப்பட்டித் தம்பி ஒன்றை விட்டுவிட்டார். அமெரிக்காவில் பல இடங்களில் வேளாண் ஆசிரியருக்குக் கோடை விடுமுறையிலும் சம்பளம் உண்டு. மாணவர் வீடு தேடிப் போகிற வேலை இருப்பதால்தான். இங்கே ஒரே ஆசிரியர், சொந்த வண்டி, சொந்தப் பெட்ரோல். யானைமலைப் பக்கம் வேளாண் கல்லூரி மாணவர்கள் கடைசி வருஷம் கிராமத்தில் தங்கிப் பயிற்சி எடுக்கிறார்கள். பள்ளிப் பிள்ளையின் பாத்தியைப் பார்க்க அவர்களையும் கூப்பிடலாம்.

வாடிப்பட்டியான்:
பெட்ரோல் காசைக் காரணம் காட்டினால் நூறு வருஷம் ஆனாலும் ரெக்கார்டு நோட்டுதான் சார்.

பூக்காரம்மா (செல்லம்பட்டி):
வாத்தியார் பத்து மணிக்கு வந்தால் செடியில் ஒரு மொட்டு இருக்காது. அதையும் யோசியுங்கள்.

ஓய்வு வாத்தியார், மேலூர்:
பூ எடுக்கும்போது வர வேண்டியதில்லை அம்மா. கவாத்து அன்றைக்கும், மருந்தடிக்கிற அன்றைக்கும் வரட்டும். முக்கியமாக, கமிஷன் கடைச் சீட்டு வீட்டுக்கு வருகிற அன்றைக்கு வரட்டும்.